நாம் கேட்ட கேள்வி

சென்ற கோடையில் நமது பங்கின் விடுமுறை விவிலியப் பள்ளி முடிவுற்ற நாளன்று, பிள்ளைகளுக்கு ஒரு திரைப்படம் காட்டுவதென மறைக்கல்வி ஆசிரியைகள் முடிவு செய்தார்கள். பழனிசெட்டிபட்டியில் கோடைக்காலத்தில் பொழுது சாய்ந்த பின்னும் கூடத்தின் கூரை கொதித்துக்கொண்டிருக்கும். ஆயினும் ஐம்பது அறுபது பிள்ளைகளும், அவர்களை அழைத்து வந்த தாய்மாரும் சமுக்காளத்தில் நெருங்கி அமர்ந்திருந்தனர். ‘ஹரிதாஸ்’ என்று படத்தின் பெயரைச் சொன்னதும் நமது மூத்த உபதேசியார் முகம் மலர்ந்து, “பாகவதர் படமா சாமி?” என்றார். 1944-இல் வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட அந்த ‘ஹரிதாஸ்’ அன்று இது, 2013-இல் ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கிய வேறொரு ‘ஹரிதாஸ்’ என்று விளக்கினோம். சற்றே ஏமாற்றத்துடன் அவர் பின்வரிசை நாற்காலிக்குச் சென்றுவிட்டார்.

திரைப்படம் என்றாலே முகம் சுளிக்கும் குருக்கள் இன்றும் சிலர் உண்டு. பதினோராம் பத்திநாதர் 1936-இலேயே திரைப்படத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அதில் எச்சரிக்கை மிகுதி. ஆனால் நல்ல படமொன்று மக்களின் உள்ளத்தை உயர்த்தவல்லது என்னும் ஒப்புதலும் அதிலேயே உண்டு. இதனை இங்குக் கூறுவது நமக்கு நாமே தேடிக்கொள்ளும் நியாயம் என்று வாசகர் எண்ணினால், அப்படியே இருக்கட்டும்.

படத்தின் கதை இதுதான். சிவதாஸ் என்னும் காவல்துறை அதிகாரிக்கு ஒரே மகன் ஹரி. தாயை இழந்த அச்சிறுவன் ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையவன். பாட்டியின் பராமரிப்பில் வளர்கிறான். பாட்டியும் மறைந்தபின் தந்தையின் கைக்கு வருகிறான். குற்றவாளிகளைத் துரத்துவதே வாழ்வெனக் கொண்டிருந்த அத்தந்தைக்குத் தம் மகன் யாரென்றே தெரியாது. அமுதவல்லி என்னும் பள்ளி ஆசிரியை அவ்விருவர் வாழ்விலும் நுழைகிறாள். தந்தையாகக் கிஷோரும், ஆசிரியையாகச் சிநேகாவும், ஹரியாகப் பிருத்விராஜ் தாஸ் என்னும் சிறுவனும் நடித்திருக்கின்றனர். அச்சிறுவனின் பார்வை எவர் முகத்திலும் நிலைப்பதில்லை. குதிரை ஒன்றே அவனை ஈர்க்கிறது. ஓட்டம் ஒன்றே அவனுக்கு இன்பமாயிருக்கிறது. அதைக் கண்டுகொண்டு, அந்த வழியாகவே அவனை அழைத்துச் செல்வதுதான் கதை. துப்பாக்கிச் சண்டைகள் வேண்டிய அளவுக்கு மேல் உள்ளன. அவ்விடங்களை முன்னரே குறித்துவைத்திருந்த நமது ஆசிரியை, அவற்றை வேகமாக நகர்த்திவிட்டார், நன்று செய்தார்.

சுவரிலே குதிரை தோன்றிய வேளை. வாசற்படியருகே தாயின் மடியில் சாய்ந்திருந்த ஒரு சிறுவன் எழுந்தான். பிள்ளைகளின் கால்களையும் கைகளையும் மிதித்துக்கொண்டு நேரே சுவரை நோக்கிச் சென்று, உள்ளங்கையால் அக்குதிரையைத் தடவினான். அவனது நிழல் படத்தை மறைத்தது. “ஏய், உட்காருடா!” என்று கூச்சல் எழுந்தது. அதே கூட்டம் ஒரு நிமிடத்திற்கு முன்புதான் திரையிலிருந்த ஹரிக்காகக் கண் கலங்கியிருந்தது. தாய் ஓடிவந்து அவன் கையைப் பற்றி வெளியே இழுத்துச் சென்றாள். கதவைக் கடக்கையில் ஒருமுறை திரும்பி நம்மைப் பார்த்தாள். அப்பார்வையில் குறைகூறல் எதுவும் இல்லை. அதுதான் நம்மை உறுத்தியது. அவள் படத்தின் முடிவைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாமும் பார்க்கவில்லை. கண்கள் சுவரில் இருந்தன. எண்ணம் ஈராண்டு பின்னோக்கிச் சென்றுவிட்டது.

அச்சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. மருத்துவர்கள் அவனுக்கு மதியிறுக்கம் எனக் கூறியிருந்தனர். தந்தை ஏலத்தோட்ட வேலைக்காகக் கேரளத்து மலைக்குச் சென்று வாரம் ஒருமுறை வீடு திரும்புபவர். புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்த அவ்வாண்டில், தாய் அவனையும் அழைத்து வந்து நிறுத்தினாள். வழக்கப்படி ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து ஞானோபதேசக் கேள்விகள் கேட்டோம். அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். எளிதாக இருக்கட்டுமே என்று சலுகையும் காட்டினோம். நற்கருணையில் இருப்பவர் யார்? அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுறை கேட்டோம். மூன்றாம் முறை நமது குரல் உயர்ந்தது. அவன் இரு செவிகளையும் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டான். “அடுத்த ஆண்டு பார்ப்போம் அம்மா” என்றோம். “சரிங்க சாமி” என்றாள். அடுத்த ஆண்டு அவள் அழைத்து வரவில்லை. நாமும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுவதே முறை. திருப்பலியின் நடுவே அவன் ஒருவகை ஒலி எழுப்புகிறான், எழுந்து நடக்கிறான் என்று சிலர் முறையிட்டதன்பேரில், “வெளித் திண்ணையில் அமர்ந்தால் பிள்ளைக்கும் காற்றோட்டமாக இருக்குமே” என்று அத்தாயிடம் கூறியவர் நாமே. காற்றோட்டம் என்று சொன்னோம்! குருமடத்தில் பயின்ற நாவன்மை இத்தகைய இடங்களில்தான் தடையின்றி உதவுகிறது.

படக்காட்சி முடிந்த சில நாட்களுக்குப்பின், செவித்திறன் குன்றிய பிள்ளைகளிடையே பல்லாண்டு பணியாற்றிய அருட்சகோதரி ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “இதைப் பாருங்கள் ஃபாதர்” என்று ஒரு பிரெஞ்சுப் படத்தைக் கொடுத்தனுப்பினார். ழான் பியர் அமேரிஸ் என்பவர் 2014-இல் எடுத்த ‘மரீ எர்த்தேன்’ என்னும் படம் அது. கற்பனைக் கதையன்று. மரீ எர்த்தேன் 1885-இல் பிரான்சு நாட்டின் நாந்த் நகருக்கு அருகே பிறந்தாள். பிறவியிலேயே பார்வையும் இல்லை, செவிப்புலனும் இல்லை. பத்து வயதை நெருங்கும்வரை ஒரு சொல்லும் ஒரு சைகையும் அறியாதவளாய், கூச்சலும் முரட்டுத்தனமுமாய் இருந்தவளை, 1895-இல் தந்தை புவாத்தியே நகருக்கு அருகிலுள்ள லார்னே கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அழைத்து வந்தார். 1895 என்றதும் நமக்குச் சட்டென்று பெரியாறு அணைதான் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில்தானே அது திறக்கப்பட்டு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்து நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்தது! நம் ஊர்த் தடுப்பணையில் குளிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு பாடமாகத் தெரியும்.

அம்மடம் ஞானத்தின் புதல்வியர் சபையைச் சேர்ந்தது. அச்சபையைத் தோற்றுவித்த புனித லூயிஸ் மோன்போர், நம் மரியாயின் சேனை உறுப்பினர்களுக்கு நன்கு அறிமுகமானவர். சென்னை அடையாற்றில் செவித்திறனும் பார்வையும் குன்றியோருக்கான புனித லூயிஸ் நிறுவனத்தை நடத்தும் மோன்போர் சகோதரர்களும் அவர் வழியில் வந்தவர்களே. மரியாயின்மீது பக்தியைப் பரப்பிய ஒருவரின் மக்கள், இருநாடுகளிலும் பேசாப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

படத்தில் மடத்தலைவி முதலில் மறுத்துவிடுகிறார். காது கேளாதோருக்குக் கற்பிக்கலாம். கண்ணும் தெரியாதவளுக்கு எப்படிக் கற்பிப்பது? நியாயமான கேள்விதான், அவ்விடத்தில் நாமும் அமர்ந்திருந்தால் அதையே சொல்லியிருப்போம். (வரலாற்றில் லார்னே கன்னியர் 1875 முதலே மார்த் ஓப்ரெக்ட் என்னும் அத்தகைய சிறுமி ஒருத்திக்குக் கற்பித்திருந்தனர், படம் அதனை விட்டுவிட்டது.) சகோதரி மார்கரீத் என்னும் கன்னியர் தாமே அச்சிறுமியை ஏற்றுக்கொள்கிறார். பிறகு வரும் மாதங்கள் எளியவையல்ல. அடி, கடி, கீறல், உணவுத்தட்டு வீசுதல். அவளைக் குளிப்பாட்டுவதும் தலைவாருவதும்கூடப் போராட்டம். எத்தனை முறை கையில் சைகையைப் பதித்தாலும் அவளிடம் ஓர் அசைவும் இல்லை.

மரீ வீட்டிலிருந்து ஒரு சிறு மடக்குக் கத்தி கொண்டுவந்திருந்தாள். பெற்றோரின் நினைவாக அதனை விடாது வைத்திருந்தாள், முகத்தோடு ஒற்றிக்கொள்வாள். சகோதரி மார்கரீத் அதனைக் கவனித்தார். சொல்லித்தர அவர் எடுத்துக்கொண்ட முதற்சொல் கடவுள் அன்று. அம்மா என்பதும் அன்று. கத்தி! கத்தியை வாங்கிக்கொள்வார், அவள் சீறுவாள், அவள் கைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெட்டுவதுபோல் செய்துகாட்டுவார், கத்தியைத் திரும்பக் கொடுப்பார். மீண்டும் வாங்குவார். இப்படி எத்தனை நாள்! ஒருநாள் அவளே அச்சைகையைச் செய்தாள். பொருளுக்குப் பெயர் உண்டென்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அதன்பின் அணை திறந்ததுபோல்தான். 1887-இல் ஹெலன் கெல்லருக்கு ஆன் சல்லிவன் கைகளில் நீரை விழச்செய்து சொல்லை உணர்த்திய நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். மரீயின் கத்தியை நம்மில் அறிந்தவர் சிலரே.

மரீ பின்னர் எழுதப் படிக்கக் கற்றாள், இறப்பு என்பது யாது, இறைவன் என்பவர் யார் என்பதையும் கையால் கற்றாள், புதுநன்மையும் பெற்றாள். தன்னைப்போலவே பிறந்த தன் தங்கை மார்த்துக்கு உதவுபவளுமானாள். 1921-இல் இறந்தாள். சகோதரி மார்கரீத் 1910-இல் இறந்தார். படம் அப்பதினைந்து ஆண்டுகளைச் சுருக்கி, ஆசிரியையின் மரணத்தை விரைவிலேயே கொண்டுவந்துவிடுகிறது. அழ வைக்க வேண்டுமே! நாமும் அழுதோம் என்பதை மறைப்பானேன். சகோதரியாக நடித்தவர் இசபெல் கார்ரே. மரீயாக நடித்த அரியானா ரிவுவார் தாமே செவிப்புலன் இல்லாதவர்.

இரு படங்களையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கையில், ஹரியைப் பற்றி நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படம் அவனை ஓட்டப்பந்தய வீரனாக்கி நம்மைக் கைதட்ட வைக்கிறது. நமது பங்கில் உள்ள பிள்ளை எந்தப் பந்தயத்திலும் ஓடப்போவதில்லை. அவன் தாய் அப்படத்தை இறுதிவரை பார்த்திருந்தால் ஆறுதல் அடைந்திருப்பாளா, மேலும் தளர்ந்திருப்பாளா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் குதிரையிலிருந்து தொடங்கிய இடத்தில் அப்படம் சரியாகவே தொடங்கியிருக்கிறது. கத்தியில் தொடங்கிய கன்னியரும் அப்படியே. ஆசிரியர் என்பவர் தம் கேள்வியை வைத்துக்கொண்டு உயரத்தில் நின்றுவிடவில்லை. பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் காதுகேளாதவனை நம் ஆண்டவர் குணப்படுத்துகிறாரே, அதனை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! ஒரு சொல் சொல்வதற்கு முன்னர், அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார், காதுகளில் விரலை இடுகிறார், நாவைத் தொடுகிறார். காது கேளாதவனுக்கு அவன் அறியக்கூடிய வழியில் முதலில் பேசுகிறார். இதனைப் பிரசங்கத்தில் ஒருமுறையும் நாம் கூறியதில்லை, ஏனெனில் கவனித்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மாலை அத்தாயின் வீட்டிற்குச் சென்றோம். முன்னறிவிப்பின்றிச் சென்றது தவறு. பழகாத வரவு அச்சிறுவனைக் கலக்கிற்று. அவ்வேளை, வட்டார வள மையத்திலிருந்து வீடுதேடி வந்து பயிற்சி தரும் சிறப்பாசிரியை ஒருவரும் அங்கிருந்தார். தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர், கிறிஸ்தவரல்லர். தம் கையைப் பற்றிக்கொள்ள அவன் இசைவதற்கே எட்டு மாதங்கள் ஆயின என்று, ஏதோ பேருந்து தாமதமானதைச் சொல்வதுபோல் சொன்னார். நாம் புதுநன்மைக் கேள்வியைப் பற்றிக் கூறியதும் சிரித்துவிட்டார். “கேள்வி கேட்டா அவன் ஓடிப்போவான் ஃபாதர். ஒண்ணைச் செஞ்சு காட்டிட்டு நாம சும்மா இருக்கணும். ரொம்ப நேரம் சும்மா இருக்கணும்” என்றார். பேசியே பழகியவர்க்கு இது கடினமான பாடம்.

காப்பி குடித்து வைத்த எவர்சில்வர் தம்ளரை அச்சிறுவன் எடுத்தான். கவிழ்த்து வைத்து, கரண்டியால் மூன்று முறை தட்டினான். நிறுத்தினான். ம் என்று நீண்டதோர் ஒலி எழுப்பினான். சற்றுப் பொறுத்து மீண்டும் மூன்று முறை தட்டினான். பிறகு நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

“தினமும் செய்வான் ஃபாதர். ஞாயித்துக்கிழமை நிறையச் செய்வானாம். எதுக்குன்னு எனக்கு விளங்கல, விளையாட்டுன்னு நெனச்சேன்” என்றார் ஆசிரியை.

அவருக்கு விளங்காதது இயல்பே. நமக்கு உடல் சிலிர்த்தது. அப்பம் எழுந்தேற்றத்தில் மூன்று மணி. இரசம் எழுந்தேற்றத்தில் மூன்று மணி. அவன் திருப்பலியின் நடுவே எழுப்புகிறான் என்று மக்கள் முறையிட்ட ஒலி, அந்த மணிக்குப் பின்வரும் ஒலி. வெளித்திண்ணைக்கு அனுப்பப்பட்ட பின்னும், சுவருக்கு அப்பாலிருந்து அதனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தாயை நோக்கினோம். தலைகுனிந்தபடி, “எனக்குத் தெரியும் சாமி. சொன்னா நம்புவீங்களோ என்னமோன்னு சொல்லல” என்றாள்.

அன்றிரவு அறைவீட்டில் திருச்சபைச் சட்டத்தொகுப்பை எடுத்தோம். படித்துத் தேர்வெழுதிய நூல்தான். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 913-ஆம் எண், பிள்ளைகள் தத்தம் ஆற்றலுக்கு ஏற்றவாறு மறைபொருளை உணர்ந்திருந்தால் போதும் என்கிறது. ஆற்றலுக்கு ஏற்றவாறு என்பதை நாம் வாய்க்கு ஏற்றவாறு என்று படித்துவிட்டோம் போலும். 1910-இல் பத்தாம் பத்திநாதர் பிள்ளைகளுக்குப் பந்தியைத் திறந்துவிட்டபோது கேட்டதும், சாதாரண அப்பத்தினின்று இவ்வப்பத்தை வேறுபடுத்தி அறிதலையே. 2020-இல் உரோமையில் வெளியான மறைக்கல்விக்கான வழிகாட்டி நூலும், மாற்றுத்திறனாளிகளை அருளடையாள வாழ்வின் முழுமைக்கு அழைக்கப்பட்டோராகவே காண்கிறது. நூல்கள் எல்லாம் அலமாரியில்தான் இருந்தன.

இப்போது வாரம் இருமுறை அவன் வீட்டிற்குச் செல்கிறோம். நம் மறைக்கல்வி ஆசிரியையும் உடன் வருகிறார். கேள்வி எதுவும் கிடையாது. அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொண்டுசெல்வோம். முதல்நாள் துப்பிவிட்டான், நாவில் ஒட்டும் அந்த உணர்வு அவனுக்கு ஆகவில்லை. இரண்டாம் முறை சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சிறு துணுக்காக்கி நீருடன் கொடுத்துப் பார்க்கச் சொன்னவர் சிறப்பாசிரியை, அதன்பின் விழுங்கினான். தட்டில் பிஸ்கட்டும் அப்பமும் சேர்த்து வைத்தால், பிஸ்கட்டை உடனே பறித்துக்கொள்கிறான். அப்பத்தைத் தொடுவதில்லை. தம்ளரை எடுத்து மூன்று முறை தட்டி, நம் முகத்தையன்று, நம் கையைப் பார்த்துக் காத்திருக்கிறான்.

ஆண்டவர் என்று அவன் அறிந்துதான் காத்திருக்கிறானா? எமக்குத் தெரியாது. மடமடவென விடை ஒப்புவித்த பிள்ளைகளைப் பற்றி இக்கேள்வியை நாம் ஒருநாளும் எழுப்பியதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஞாயிறுதோறும் தாயும் மகனும் கோவிலுக்குள், மூன்றாம் வரிசையில் அமர்கின்றனர். எழுந்தேற்றத்தின்போது அவன் ஒலி எழுப்பத்தான் செய்கிறான். முதல் வாரம் சிலர் திரும்பிப் பார்த்தனர். ஒருவர் திருப்பலிக்குப்பின் அறைவீட்டிற்கு வந்து குறைப்பட்டுக்கொண்டார்; அவரிடம் தம்ளர் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டுப் பேசாமல் சென்றார். ஏற்றுக்கொண்டாரா என்று அறியோம். அடுத்த ஞாயிறு அதே இடத்தில்தான் அமர்ந்திருந்தார்.

சென்ற வாரம் அத்தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “சாமி, வெள்ளைச் சட்டை தைக்கக் குடுக்கட்டுமா?”

“கொடு அம்மா” என்றோம். அளவெடுக்க அவன் நிற்கமாட்டான். தையற்காரரிடம் அவனது பழைய சட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறாள். கழுத்துப்பட்டை அவனுக்கு உறுத்துமாதலால், அது இல்லாமலே தைக்கச் சொல்லியிருக்கிறாள்.